பாரம் தொங்கும்போது

ஜூன் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லபடியாக விடுதிக்கு வந்து சேர்ந்தேன். பெட்டி, தலையணை, நீங்கள் கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்த புத்தக மூட்டை எல்லாம் பத்திரம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கால் வீக்கம் வடிந்ததா? மரியாதைக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

ரயில் நம் ஊரைத் தாண்டும்போது ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டேன். புதிதாக எழும்பும் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு மேலே உங்கள் கிரேன் தெரிந்தது. அதற்குக் ‘கொக்கு’ என்று பெயர் வைத்தவர் யாரோ, தூரத்திலிருந்து பார்த்தால் ஒற்றைக் காலில் நிற்கிற மாதிரியேதான் இருக்கிறது. அந்த உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் என் அப்பா இருக்கிறார் என்று பக்கத்தில் இருந்த அம்மாளிடம் சொன்னேன். “அவ்வளவு உசரத்துலயா, தலை சுத்தாதா?” என்று கேட்டார். “எங்கப்பாவுக்குத் தரையில நின்னாத்தான் தலை சுத்தும்” என்றேன். சிரித்துவிட்டு எனக்கு ஒரு ஆரஞ்சு கொடுத்தார். நீங்கள் ரயிலைப் பார்த்தீர்களா?

இனி முக்கியமான விஷயம். உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது டாக்டரம்மா சொன்னது எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது, உங்களுக்கும் இருக்கட்டும் என்று மறுபடி எழுதுகிறேன். உங்கள் இதயம் பலவீனமாக இருக்கிறது. ரத்தத்தை முழு பலத்தோடு தள்ளாததால் காலில் நீர் தேங்குகிறது. அந்த நீரை வெளியேற்றத்தான் சின்ன வெள்ளை மாத்திரை, அவர் ‘நீர் மாத்திரை’ என்று சொன்னது. அதைத் தினமும் காலையில் போட வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டும். காலையில் எழுந்ததும் எடை பார்க்க வேண்டும். மாத்திரை அட்டையை முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வையுங்கள். சவரம் செய்ய நீங்கள் மறந்ததே இல்லை, அதனால் மாத்திரையும் மறக்காது.

ஒரு சின்ன வருத்தம். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று டாக்டரம்மா கேட்டபோது, “கம்பெனியில” என்று சொல்லி நிறுத்திவிட்டீர்கள். அவரும் அப்படியே எழுதிக்கொண்டார். கொக்கைப் பற்றிச் சொல்லியிருந்தால் அவர் அசந்துபோயிருப்பார்.

இங்கே ஃபோன் வார்டன் மேசையில் இருக்கிறது. பேசினால் பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும். அதனால் எழுதுங்கள். அம்மா இருந்திருந்தால் நான் இவ்வளவு தொல்லை கொடுக்க மாட்டேன். இப்போது கொடுப்பேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் மகள்


ஜூன் 28

அன்பு மகளுக்கு,

அப்பா நலம். நீ நலம் என்று படித்ததில் இன்னும் கொஞ்சம் நலம்.

ரயிலைப் பார்த்தேன். மேலே இருந்து பார்த்தால் தையல் ஊசியில் கோத்த நூல் மாதிரி போகும். எந்தப் பெட்டியில் நீ இருக்கிறாய் என்று தெரியவில்லை, அதனால் எல்லாப் பெட்டிக்கும் பொதுவாகக் கொக்கியை ஏற்றி இறக்கினேன். கொக்கி காலியாகத்தான் இருந்தது, பயப்படாதே. கீழே இருந்து சைகை கொடுக்கிற விசில் மாமா ரேடியோவில் கத்தினார். “யாருக்குய்யா சலாம் போடற?” என்றார். “பெரிய இடம்” என்றேன்.

போன வாரம் ஒரு கூத்து. புதிதாக வந்திருக்கும் மேஸ்திரிக்கு அவசரம். ஆறு நடையில் தூக்க வேண்டிய கம்பிக் கட்டுகளை ஒன்றாகக் கட்டி வைத்துவிட்டு, ஒரே தூக்கில் தூக்கு என்கிறார். மொத்த எடை ஒன்றுதானே என்கிறார். நான் இறங்கி வந்து சொன்னேன்: “மொத்தம் ஒண்ணுதான் சார். ஆனா கொக்கு மொத்தத்தைத் தூக்காது, தடவைக்குத்தான் தூக்கும். ஒரே தூக்கா தூக்கினா நானும் கொக்கும் சேர்ந்து உங்க மடியில வந்து உக்காருவோம்.” அதோடு கட்டைப் பிரித்தார்கள். அன்றைக்கெல்லாம் அந்த மனிதர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

உப்பைக் குறைத்துவிட்டேன். சாப்பாடு சுவர் மாதிரி இருக்கிறது. டன் கணக்கில் தூக்குகிறவன் காலையில் எழுந்து தன்னையே நிறுத்துப் பார்க்கிறேன், சிரிப்பாக வருகிறது. மாத்திரையை நீ சொன்ன மாதிரி கண்ணாடிக்குப் பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். நீ போன அந்த வாரத்தில் ஒரு நாள் கேபினைக் கழுவித் துடைத்துவிட்டு எல்லோரும் போன பிறகு இறங்கினேன், மழைக்கு முன்னால் செய்துவிட வேண்டிய வேலை. மற்றபடி விசேஷம் ஒன்றும் இல்லை.

நன்றாகச் சாப்பிடு. படிக்கும்போது வெளிச்சத்தில் உட்கார்.

உன் அப்பா


ஜூலை 15

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். லேசான சளி, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கொக்கி ஏறி இறங்கியதை நான் கவனிக்கவில்லையே என்று இருக்கிறது. ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்திருப்பேன். அடுத்த முறை கண்ணைச் சிமிட்டாமல் பார்ப்பேன்.

உயிரியல் டீச்சரிடம் இதயத்தைப் பற்றி நிறையக் கேட்டேன். “யாருக்கு உடம்பு சரியில்லை?” என்று கேட்டார், சொன்னேன். நூலகத்தில் ஒரு தடித்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். அதில் ஒரு விஷயம் போட்டிருந்தது. இந்த மாதிரி நோயில், நன்றாக இருக்கிற நாளிலும் மாத்திரையை விடக்கூடாதாம். மாத்திரை வேலை செய்வதால்தான் நன்றாக இருக்கிறது, அது புரியாமல் பலர் நிறுத்திவிடுகிறார்களாம். நீங்கள் அப்படி நிறுத்துகிற ஆள் இல்லை. கயிற்றில் ஒரு இழை பிரிந்தால்கூட வேலையை நிறுத்துகிறவர் நீங்கள். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

கண்ணாடிக்குப் பக்கத்தில் அட்டை இருப்பது சரி. மாத்திரை தினமும் உள்ளே போகிறதா? செருப்பு இறுகுகிறதா? சாயங்காலம் விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? ஒவ்வொரு கேள்விக்கும் பதில் எழுதுங்கள். தேர்வில் ஒரு கேள்வியை விட்டால்கூட மதிப்பெண் போகும்.

கண்டிப்பான,
உங்கள் மகள்


ஆகஸ்ட் 22

அன்பு மகளுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. வேலை அதிகம். நான் இருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன். உன் சளி போனதா?

டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். கால் வீக்கம் எதிர்பார்த்த அளவு வடியவில்லை, மருந்து போதவில்லை போலிருக்கிறது என்று நீர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்கிறார். “ஒழுங்கா போடறீங்கல்ல?” என்று கேட்டார். தலையை ஆட்டினேன். அவரும் தலையை ஆட்டினார். வெளியே பெரிய கூட்டம், பாவம், அவருக்கு மூச்சுவிட நேரமில்லை.

செருப்பு இறுகியது. அதனால் பெரிய அளவில் ஒன்று வாங்கிவிட்டேன். இப்போது இறுகவில்லை. இந்தப் பதிலுக்கு முழு மதிப்பெண் போடு.

நவம்பரில் கம்பெனியின் மருத்துவப் பரிசோதனை வருகிறது. அதில் தேறினால்தான் அடுத்த வருஷமும் கொக்கில் ஏறலாம். காலில் வீக்கம் தெரிந்தால் ஏற விட மாட்டார்கள். அதற்குள் எல்லாம் சரியாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது எங்கும் போவதில்லை, வீட்டிலேயே ஓய்வு. உடம்பைப் பார்த்துக்கொள்வதற்கு அந்த ஒரு நாள் இருக்கிறதே, அதை ஒழுங்காகப் பயன்படுத்துகிறேன்.

பரீட்சைக்குப் படி. என்னைப் பற்றியே படித்துக்கொண்டிருக்காதே.

உன் அப்பா


செப்டம்பர் 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன், நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

பரீட்சை நடக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். நான் கேட்டவற்றில் செருப்புக்கு மட்டும் பதில் வந்திருக்கிறது. அதுவும் செருப்பைப் பற்றி, காலைப் பற்றி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விசில் மாமா வீட்டுக்குக் கேரம் ஆடப் போவீர்களே, அதை ஏன் விட்டீர்கள்? எனக்கு நினைவு தெரிந்து மழை பெய்தால்கூட விட்டதில்லை. அவரை ஜெயிக்காவிட்டால் அந்த வாரமே உங்களுக்கு ஓடாது.

விடுமுறைக்கு வருகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து வருவேன்.

உங்கள் மகள்


அக்டோபர் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

வந்து சேர்ந்தேன். எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. உங்களுக்கு நன்றாக இல்லை என்று தெரிந்துகொண்டேன், அதனால் இந்தத் தடவை கேட்கவில்லை.

இந்தக் கடிதத்தை ரயிலிலேயே மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். நேரில் பேச வாய் வரவில்லை. ஒரு மகள் அப்பாவிடம் பேசுகிற பேச்சா இது என்று எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் உடம்பு செய்கிற வேலையில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்று உயிரியல் டீச்சர் சொல்வார். அதைப் பிடித்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கண்ணாடி முன்னால் நின்று அட்டையிலிருந்து மாத்திரையை ஒன்றன்பின் ஒன்றாகப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டதைக் கண்ணாடியிலேயே பார்த்தேன். டோஸ் கூட்டியிருக்கிறார்கள்தான். ஆனால் அத்தனை இருக்காது. அன்று மதியம் வரைக்கும் நீங்கள் குளியலறைக்கும் நாற்காலிக்குமாக நடந்துகொண்டே இருந்தீர்கள். பிறகு முகம் வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். என்னப்பா என்றேன். “தூக்கக் கலக்கம்மா” என்றீர்கள். பகல் சாப்பாட்டு நேரத்தில் யாருக்குத் தூக்கக் கலக்கம் வரும்?

மறுநாள் நீங்கள் கண்ணாடி முன்னால் சவரம் செய்தீர்கள். அட்டையைத் தொடவில்லை.

அன்று நீங்கள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டை எடுத்துக்கொண்டு வேலை நடக்கிற இடத்துக்கு வந்தேனே, அப்போது கொக்கின் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். ஏணி முடிகிற இடமே தெரியவில்லை. நீங்கள் எப்போது இறங்குவீர்கள் என்று விசில் மாமாவிடம் கேட்டேன். “சாப்பாட்டுக்கு இறங்குவான். சில நாள் அதுவும் கிடையாது, கூடையில கட்டி மேல அனுப்பிடுவேன்” என்றார். நடுவில் இறங்க வேண்டியிருந்தால் என்ன செய்வார் என்று கேட்டேன். மாமா சிரித்தார். “கொக்கு இறங்கினா கீழ இருக்கற அத்தனை பேரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்மா. அவன் இறங்க மாட்டான்.”

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. நீர் மாத்திரை போட்டால் அடிக்கடி போக வேண்டியிருக்கும். மேலே அதற்கு இடம் இல்லை. அதனால் வேலை நாட்களில் நீங்கள் மாத்திரை போடுவதில்லை. ஆனாலும் டாக்டரம்மா சொன்னதை மீறவும் உங்களுக்கு மனம் இல்லை. அதனால் வாரத்தில் விட்டதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சேர்த்துப் போட்டுக் கணக்கை நேர் செய்கிறீர்கள்.

அப்பா, அந்த மேஸ்திரி கம்பிக் கட்டுகளை ஒன்றாகக் கட்டி வைத்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? கொக்கு மொத்தத்தைத் தூக்காது, தடவைக்குத்தான் தூக்கும் என்றீர்கள். உங்கள் உடம்பும் அப்படித்தான். அதை நீங்கள் ஒரே தூக்காகத் தூக்கச் சொல்கிறீர்கள். பாரம் மிஞ்சினால் அடிக்கிற அலாரம் கொக்குக்கு உண்டு, இதயத்துக்கு இல்லை.

மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்துத்தான் டாக்டரம்மா கூட்டிக் கொடுத்தார். நீங்கள் போடுவதே இல்லை என்பது அவருக்குத் தெரியாது. நீங்கள் எங்கே உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்பதும் தெரியாது. தயவுசெய்து அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கிளம்பும்போது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு எட்டு வந்து உங்களைப் பார்க்கும்படி விசில் மாமாவிடம் கேட்டுக்கொண்டேன். காரணம் சொல்லவில்லை. உங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை.

கோபம் வந்தால் திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள் மகள்


அக்டோபர் 30

அன்புள்ள அப்பாவுக்கு,

என் கடிதம் கிடைத்ததா? தினமும் தபால் பிரிக்கிற நேரத்தில் வார்டன் அறை வாசலில் நிற்கிறேன். “உனக்கு இல்லம்மா” என்று வார்டன் இப்போது நான் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறார்.

நான் வரம்பு மீறிவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் அதை மட்டும் ஒரு வரியில் எழுதுங்கள். உடம்பைப் பற்றி எழுதக்கூட வேண்டாம்.

உங்கள் மகள்


நவம்பர் 12

அன்பு மருமகளுக்கு விசில் மாமா எழுதுவது.

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். மாமாவின் கையெழுத்து கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கும், பொறுமையாகப் படி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உன் அப்பாவுக்கு இப்போது ஆபத்து இல்லை. அதைப் படித்துவிட்டு மீதியைப் படி.

நீ சொன்னதற்காக ஞாயிற்றுக்கிழமை தோறும் உன் வீட்டுக்குப் போய்வந்தேன். முந்தின ஞாயிற்றுக்கிழமை போனபோது தட்டியும் கதவு திறக்கவில்லை. உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. தோளால் இடித்துத் திறந்தேன். குளியலறை வாசலில் விழுந்து கிடந்தான். நெற்றியில் அடி. பக்கத்து வீட்டுக்காரரின் வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடம்பில் நீரும் உப்புச்சத்தும் அளவுக்கு மீறி வெளியே போய்விட்டதாம், அதனால் இதயம் தாளம் தப்பியதாம். இரண்டு நாள் கழித்துத்தான் சரியாகப் பேசினான்.

விவரத்தைக் கேட்டேன். மறுநாள் திங்கட்கிழமை கம்பெனிப் பரிசோதனை. கால் வடிந்திருக்க வேண்டும் என்று வழக்கத்தைவிட இன்னும் கூடுதலாகப் போட்டிருக்கிறான். “உன் பொண்ணு ஒண்ணும் சொல்லலையா?” என்றேன். “சொன்னா. இந்த ஒரு வாரம் மட்டும் தாண்டிட்டா அப்புறம் அவ சொன்னபடி கேக்கலாம்னு இருந்தேன்” என்கிறான். உன் கடிதம் சட்டைப்பையில் இருந்தது. மடிப்பு கிழிகிற அளவுக்குப் படித்திருக்கிறான்.

உனக்கு மழை, காய்ச்சல் என்று ஏதாவது எழுதும்படி என்னிடம் சொன்னான். நான் பூசி மெழுகுகிற ஆள் இல்லை. நான் விசில் ஊதினால் கீழே இருப்பவர்கள் விலகுவார்கள், பொய்க்கு ஊதினதில்லை.

இப்போது விஷயம் இதுதான். ஏன் இப்படி ஆயிற்று என்று டாக்டரம்மா தினமும் கேட்கிறார். இவன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறான். வாயைத் திறந்தால் கொக்கு போய்விடும் என்று பயம். திறக்காவிட்டால் பழைய மருந்தையே எழுதிக் கொடுத்து அனுப்புவார்கள், பழையபடி ஞாயிற்றுக்கிழமை வரும். நான் சொல்லவா என்றால், கூடாது என்கிறான். நீ எழுது. உன் எழுத்துக்கு அவன் பயப்படுகிறான்.

உன் மாமா


நவம்பர் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

எழுந்து உட்கார முடிகிறதா? நெற்றிக் காயம் ஆறுகிறதா? மாமாவின் கடிதத்தைப் படித்த பிறகு, வரிசையில் எனக்கு முன்னால் இருந்த எல்லோரிடமும் கெஞ்சி ஃபோன் மேசைக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் யாரும் எடுக்கவில்லை. அதனால் மறுபடியும் எழுத்துத்தான்.

டாக்டரம்மாவுக்கு நானே எழுதிவிடலாம் என்று உறையில் முகவரிகூட எழுதினேன். பிறகு கிழித்துப் போட்டுவிட்டேன். அது உங்கள் உடம்பு. நான் உங்களுக்கு மேலே இருந்து கொக்கியை அசைக்கக் கூடாது.

கொக்கை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது உங்களுக்கு என்னவென்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு அதைக் காட்டி, “அங்க ஏறினா அப்பாவுக்கு எந்தக் கவலையும் தெரியாது” என்று சொன்னீர்கள். அம்மா போன அடுத்த வாரமே ஏன் மேலே ஏறினீர்கள் என்று அத்தைகள் பேசிக்கொண்டபோதுகூட எனக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். கூண்டுக்குள் இருக்கும்போது கீழே இருப்பது உங்களுக்குச் சரியாகத் தெரியாத இடங்கள் உண்டு என்பீர்கள். அங்கே மாமா என்ன சைகை கொடுக்கிறாரோ அதை நம்பித்தான் பாரத்தை இறக்குவீர்கள். டாக்டரம்மாவும் அப்படித்தான். அவருக்கு உங்கள் வேலை தெரியாது, உங்கள் காலை நேரம் தெரியாது. நீங்கள் சைகை கொடுக்காவிட்டால் அவர் பாரத்தை எங்கே இறக்குவார்? உங்கள் தலையில்தான்.

எனக்கு இருப்பது நீங்கள் மட்டும். இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

உங்கள் மகள்


டிசம்பர் 3

அன்பு மகளுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். நலம் என்று எழுதப் போனேன், நீ ஒப்புக்கொள்ள மாட்டாய் என்று விட்டுவிட்டேன். நடந்தால் மூச்சு வாங்குகிறது. காயம் ஆறிவிட்டது. சாயங்காலம் காலை அழுத்தினால் குழி விழுகிறது, ஆனால் முன்பைவிடக் குறைவு. நீ ஜூலையில் கேட்ட கேள்விக்குப் பதில்.

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். நடந்ததை உனக்கும் எழுதிவிடுகிறேன், ஒரு தடவைதான் எழுதுவேன்.

நீ ஜூன் மாதம் ரயிலேறிய அடுத்த நாளிலிருந்து மாத்திரை போட்டேன். அந்த வாரத்திலேயே ஒரு நாள், பாரம் பாதியில் தொங்கிக்கொண்டிருந்தபோது அவசரமாக வந்தது. கீழே ஆட்கள் நின்றார்கள். காற்று வேறு. அந்த நேரத்தில் கையை எடுக்க முடியாதும்மா. எடுக்கவில்லை. பாரத்தை ஒழுங்காக இறக்கிவிட்டேன். ஆனால் என் துணி நனைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் மேலே எனக்கு அப்படி நடந்ததில்லை. கேபினைக் கழுவிவிட்டு, எல்லோரும் போன பிறகு இறங்கினேன். மழைக்கு முன்னால் செய்கிற வேலை என்று உனக்கு எழுதினேன். அதற்குப் பிறகு வேலை நாளில் மாத்திரையை என்னால் தொட முடியவில்லை.

இதை டாக்டரம்மாவிடம் சொல்லும்போது தலை குனிந்துதான் சொன்னேன். என் தங்கை மகள் வயதுதான் இருக்கும். “உங்ககிட்ட எப்படிம்மா இதச் சொல்றது” என்றேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவைத்தார். நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“காலையிலதான் போடணும்னு சட்டம் இல்லீங்க. கீழ இறங்கினதுக்கப்புறம் சாயங்காலம் போட்டுக்கலாம். நீங்க அப்பவே சொல்லியிருந்தா நேரத்தை மாத்திக் கொடுத்திருப்பேன், அவ்வளவுதான்.”

“அப்ப இனிமே சாயங்காலம் போட்டுட்டு மேல ஏறலாமா?” என்று கேட்டேன்.

“மயங்கி விழுந்தவர ஏறுங்கன்னு சொல்ல என்னால முடியாது. கீழ ஆளுங்க நிப்பாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க” என்றார். அவர் சொன்னது சரி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்.

இவ்வளவுதான் விஷயம். ஜூன் மாதத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மேலேயே இருந்திருப்பேனோ என்னவோ. இதை நினைத்து நீ அழக்கூடாது. நான் ஒரு தடவை அழுதாயிற்று, வீட்டுக்கு அது போதும்.

வேலை போகவில்லை. அடுத்த வாரத்திலிருந்து விசில் மாமாவோடு கீழே நின்று சைகை கொடுக்கிறேன். அவருக்கு ஒரே கொண்டாட்டம். “இத்தனை வருஷம் மேல இருந்து என்னை அதட்டினல்ல, இப்ப வா, வெயில்ல நில்லு” என்கிறார். மேலே ஏறுவதற்குப் புதிதாக ஒரு பெண் வந்திருக்கிறார். கைவேலை சுத்தம், அவசரம் இல்லை. நன்றாக வருவார்.

லீவுக்கு வா. கேரம் பலகைக்கு மாவு போட்டு வைக்கிறேன்.

உன் அப்பா


ஜனவரி 8

அன்பு மகளுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். வீடு மறுபடியும் சத்தமில்லாமல் இருக்கிறது. நீ மேசையில் மறந்துவிட்டுப் போன தடித்த புத்தகத்தைத் தனியாக அனுப்புகிறேன், டீச்சர் தேடுவார்.

உன் ரயில் போனதை நான் பார்க்கவில்லை. இது தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் அந்த நேரம் வந்ததும் பழக்கத்தில் அந்தப் பக்கம் திரும்பினேன். கீழே இருந்து பார்த்தால் மதில் சுவர்தான் தெரிகிறது. அதற்கு மேலே கொஞ்சம் வானம்.

மேலே இருக்கும் அந்தப் பெண்ணிடம் உன் ரயில் வரும் நேரத்தைக் காலையிலேயே சொல்லி வைத்திருந்தேன். பாரம் இல்லாத நேரமாக இருந்தால் மட்டும் செய்யுங்கள் என்று சொன்னேன். தூக்கு, இறக்கு, நிறுத்து, திருப்பு எல்லாவற்றுக்கும் கையில் சைகை உண்டு. ரயில் வருகிறதா என்று கேட்பதற்கு ஒரு சைகையும் கிடையாது. அதனால் சும்மா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். கழுத்து வலித்தது. மாமா, “போதும்யா, வெறும் கொக்கியை என்ன பார்வை” என்றார்.

அப்போது கொக்கி ஏறி இறங்கியது. அதைப் பார்த்துத்தான் நீ போகிறாய் என்று தெரிந்துகொண்டேன். நீ ஜன்னலோரம் இருந்தாயா, பார்த்தாயா, எழுது.

மதில் ஓரத்தில் கழிப்பறை இருக்கிறது. இன்று காலையில் மாத்திரை போட்டேன். மதியத்துக்குள் மூன்று தடவை போய்வந்தேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

உன் அப்பா